சின்னம்மாவின் மீன் ரோல்ஸ்

என் முதல் நன்மைக்கு, நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளுக்கு, வந்து வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் அடுத்த நாள் விடிகிறபோது கக்கூஸ் வாசலில் நின்றார்கள். மிச்சப் பாதி ஒன்றும் நடக்காத மாதிரிக் குருநகர் ஒழுங்கைகளில் திரிந்தது. யார் எந்தப் பாதியில் என்பதை வைத்துத்தான் என் சின்னம்மாவின் கலியாணம் நடக்குமா நிற்குமா என்று முடிவாக வேண்டியிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. எனக்கு எட்டு வயது. வெள்ளைச் சட்டை ஊத்தையாகிவிடுமோ, பங்குச் சுவாமி நன்மை தரும்போது நாக்கை நீட்ட மறந்துவிடுவேனோ, முதல்நாள் பாவசங்கீர்த்தனத்தில் ஏதாவது ஒரு பாவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்பவைதான் என் கவலைகள். கவலைப்படுவதில் நான் சின்னவயதிலேயே கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனத்தில் கொஞ்சம் படிப்பில் இருந்திருந்தால் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருக்கமாட்டாய் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். அவருக்குப் பேசிய சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தவறிப்போய்க்கொண்டிருந்தன. ஒன்று வயதால், ஒன்று நிறத்தால், ஒன்று ஏனென்றே தெரியாமல். கடைசியாக வந்தது சாவகச்சேரிப் பக்கத்துச் சம்பந்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் இறங்குதுறைக்குக் கிட்டப் படகு எஞ்சின் திருத்துகிற கடை இருந்தது. அவருடைய தாயார் ஓய்வுபெற்ற ரீச்சர். பெண் பார்க்கிறோம் என்று வந்து, பிறகு பிடிக்கவில்லை என்று போனால் ஊர் கதைக்கும். ஆகவே பிள்ளையின் நன்மை விருந்துக்கு வருகிற மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பெரியவர்கள் ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். விருந்து எனக்கென்று நான் நினைத்திருந்தேன்.

சின்னம்மாவின் கைக்கு மீன் ரோல்ஸ் என்றால் எங்கள் பகுதியில் ஒரு பேர் இருந்தது. அன்றைக்கு விடியப்புறமே எழும்பி, மாமா கொண்டுவந்த மீனை அவித்து, முள் பார்த்து, உருளைக்கிழங்கோடு பிரட்டி, சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்து அடுக்கிவிட்டார். மாமா என்பவர் அம்மாவுக்குத் தம்பி, சின்னம்மாவுக்கு அண்ணை. சொந்தப் படகு வைத்திருந்தார். குடும்பத்தில் எது நல்லதாக நடந்தாலும் தன்னால்தான் நடந்தது என்று நம்புகிறவர்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் தலையைப் பிளந்தது. ரீச்சரைக் காற்றாடிக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தினார்கள். அம்மா தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பாட்டைப் பாடினார்.

"உது அவ செய்தது. உதுவும் அவதான். கேக்கும் அவதான். நான் ஒண்டிலும் கை வைக்கேல்லை."

கேக் கடையில் சொல்லி எடுத்தது. பற்றிஸ் பலகாரம் பக்கத்து வீட்டில் செய்வித்தது. பொய் சொல்லுவது பாவம் என்று முதல்நாள்தான் படித்து முடித்திருந்த நான் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரீச்சர் சர்பத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி காய்ச்சினதோ?"

"ஓம் ரீச்சர். நேற்றே கொதிக்கவைச்சு ஆறவிட்டுத் துணியாலை வடிச்சது."

இது மெய். எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். அம்மா அதை அண்டாவில் கொதிக்கவைத்ததையும், பல்லி விழுந்துவிடுமோ என்று நான் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து அடி வாங்கியதையும் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். ரீச்சர் ஒரு முடக்குக் குடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை, ஆனால் கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த வெயிலில் சர்பத் சூடாக இருந்தது.

அதை மாமா கண்டுவிட்டார்.

"அக்கா, உதென்ன மானக்கேடு? நாங்கள் ஐஸுக்குள்ளை கிடந்து வளர்ந்த சனம். வீட்டுக்கு வந்தவைக்குச் சுடுசர்பத்தோ குடுக்கிறியள்?"

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனார். அங்கே அவருடைய வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியில், மீன் வைப்பதற்கென்று வாங்கின ஐஸ் எப்போதும் கிடக்கும். பாதிப் பாளத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சாக்கோடு சிமெந்துத் தரையில் போட்டு உலக்கையால் இடித்தார். பளபளவென்று உடைந்தது. இரண்டு கையாலும் அள்ளி அண்டாவுக்குள் போட்டார். சிவப்புச் சர்பத்தில் கசகசாவுக்கு நடுவில் ஐஸ் மிதந்த அழகைப் பார்த்து எல்லாரும் மாமாவை மெச்சினார்கள். ரீச்சர்கூட இரண்டாம் கிளாஸ் கேட்டார். சின்னம்மா தட்டில் வைத்து, பார்வையைக் கிளாஸில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். மாப்பிள்ளை ஒரே மூச்சில் குடித்தார். ரோல்ஸ் தட்டை அம்மா நீட்டியபோது மட்டும், "வேண்டாம், பசிக்கேல்லை" என்று கும்பிடாத குறையாக மறுத்தார். தாயார் பக்கத்தில் இருந்தார். அவர் ஒரு ரோல்ஸை நான்காக வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அவருடைய கூட்டாளிமாரும் வீட்டுக்குள் வரவேயில்லை. வலை வைக்கிற கொட்டிலுக்குள் போத்தலோடு இருந்தார்கள். அவர்களுக்குச் சர்பத் போகவில்லை. ரோல்ஸ் மட்டும் போய்க்கொண்டேயிருந்தது.

தலையில் வைத்த பூமுடி குத்துகிறது என்று நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். குசினிக்கு வெளியில், கிணற்றடிப் பக்கத்துச் சிமெந்துக் கட்டின் மேல், ஒரு தட்டு ரோல்ஸ் தனியாக இருந்தது. மற்றத் தட்டுகளை எல்லாம் சின்னம்மா வலைத்துணியால் மூடியிருந்தார். இது மூடாமல் கிடந்தது. ஈ மொய்க்குமே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. கிட்டப் போனபோது மாப்பிள்ளை அங்கே நின்றார். கை கழுவ வந்தவர் கழுவவில்லை. வாய் நிறைய ரோல்ஸ். என்னைக் கண்டதும் விக்கி, விழுங்கி, சிரித்தார்.

"ஆர் பிள்ளை உதைச் செய்தது?"

"சின்னம்மா."

"பொய் சொல்லக்கூடாது. இண்டைக்கு நன்மை வாங்கினனீர்."

"மெய்யாத்தான். மீன் அவிச்சது, முள் பார்த்தது, எல்லாம் சின்னம்மாதான். கேக்தான் கடை."

கேக் செய்தியையும் சொல்லிவிட்டேனே என்று எனக்குப் பயம் பிடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு ரோல்ஸை எடுத்தார். பிறகு இன்னொன்றை.

அடுத்த நாள் நான் சொன்ன பாதி நடந்தது. முதலில் எனக்கு. என்னுடைய நாள் என்றபடியால் கேட்கக்கேட்கச் சர்பத் தந்திருந்தார்கள். வயிற்றைப் பிசைந்து, ஓங்காளித்துச் சத்தி வந்தது, பிறகு வயிற்றாலடித்தது, பிறகு இரண்டும் ஒன்றாக. அம்மாவும் சின்னம்மாவும் மாறி மாறிப் போனார்கள். வீட்டில் ஒரு கக்கூஸ். நான் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன், எனக்குப் பின்னால் மாமா, வெட்கம் பார்க்காமல்.

தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அம்மா எனக்குத் தண்ணீர் தரவில்லை. நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த நாக்கில்தான் நன்மை வாங்கினேன் என்று நினைத்து அழுதேன். கண்ணீரும் பெரிதாக வரவில்லை. என்னைப் பார்த்து மாமாவுக்கு மனம் பொறுக்கவில்லை. தண்ணீர்தானே கூடாது என்று, நெளிந்துகொண்டே போய் ஐஸ் துண்டு கொண்டுவந்து என் வாயில் வைத்தார்.

"சூப்பு குஞ்சு. நாக்குக்கு இதமாயிருக்கும்."

இதமாகத்தான் இருந்தது. அன்றைக்கு முழுதும் சூப்பினேன். எல்லாரும் தெளிந்துவர, நான் மட்டும் இன்னும் மோசமாகிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டொக்டர் என் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுக்காமல் பிள்ளையை இப்படியா காயவிடுவது என்று அம்மாவை ஏசினார். சேலைன் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பக்கெற்றுகள் தந்து, காய்ச்சி ஆறின தண்ணீரில் கரைத்து, போகப் போகக் கொடுக்கச் சொன்னார்கள்.

சாவகச்சேரியில் ரீச்சருக்கும் சேலைன். சம்பந்தம் கொண்டுவந்த தரகர் வந்து சொன்னார். அவர் உள்ளே வரவில்லை, எங்கள் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. படலைக்கு வெளியில் நின்றே சொன்னார்.

"கைப்பக்குவம் கண்டாச்சாம். மேற்கொண்டு கதைக்கத் தேவையில்லை எண்டு அந்த மனிசி சொல்லுது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பிறகு, பாடின பாட்டைத் திருப்பிப் பாடத் தொடங்கினார்.

"கேக் அவ செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ. அது கடையிலை எடுத்தது. பற்றிஸ் பக்கத்து வீட்டிலை. வாழைப்பழம் மருதனார்மடத்துச் சந்தையிலை வாங்கினது."

"அப்ப அவ செய்தது என்ன?"

அம்மா ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தார். கடைசியில் மீன் ரோல்ஸ் மட்டும் நின்றது.

கடலை நம்பிப் பிழைக்கிற குருநகரில் ஒரு வீட்டைப் பார்த்து உங்கள் மீன் பழுது என்று சொல்வது, வேறு ஊரில் வேறு எதையோ சொல்வதற்குச் சமம். மாமா கொதித்தெழுந்தார்.

"என்ரை மீனோ? பிடிச்ச கையோடை ஐஸிலை தாட்டு வைச்ச மீன். பெட்டி நிறைய ஐஸ் போட்டனான். மீனைக் குறை சொல்லுறவன் என்ரை ஐஸை வந்து பார்க்கட்டும்! சமைச்ச கையைத்தான் கேக்கவேணும்."

சின்னம்மா ரோல்ஸ் பொரித்த தாச்சியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த தாச்சி. அதைச் சாம்பல் போட்டுத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். தேய்த்துவிட்டுத் தன் கையையும் சாம்பல் போட்டுத் தேய்த்தார். நான் படுக்கையில் கிடந்து யன்னலால் பார்த்தேன். கை எரியுமே என்று கவலைப்பட்டேன். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரிகளில் இருந்து செய்தி போனதாக்கும், பி.எச்.ஐ. வந்தார். சுகாதாரப் பகுதியில் இருந்து வருகிற அந்த மனிதரைக் கண்டால் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒளிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவரோ வேர்த்து விறுவிறுத்து, மோட்டார் சைக்கிளை நிழலில் விட இடம் தேடிக்கொண்டு வந்தார். விருந்துக்கு வந்தவர்களில் அகப்பட்டவர்களை எங்கள் முற்றத்துக்குக் கூப்பிடச் சொன்னார். சனம் திரண்டது. மாப்பிள்ளையும் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டிப்போய், காற்சட்டை இடுப்பில் நிற்காமல் இருந்தது. தன் வீட்டுச் சார்பில் வந்திருப்பதாகச் சொன்னார். தரகரும் படலையடியில் ஒரு காதை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்.

"வயித்து வருத்தம் வந்த ஆக்கள் முருங்கையடிக்கு. வராத ஆக்கள் கிணத்தடிக்கு" என்றார் பி.எச்.ஐ.

நியாயத் தீர்ப்பு நாளில் நல்லவர்களையும் கெட்டவர்களையும் இப்படித்தான் பிரிப்பார்கள் என்று ஞானப்பாடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் முருங்கையடியில். அப்பாவும் கொட்டில் கூட்டாளிமாரும் கிணற்றடியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"நீங்கள் ரோல்ஸ் சாப்பிடேல்லையோ?"

கூட்டாளிமார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சாப்பிட்டனாங்கள் ஐயா. கூடச் சாப்பிட்டது நாங்கள்தான்."

"அப்ப ஏன் உங்களுக்கு ஒண்டும் வரேல்லை?"

"அது வந்து... கூட வேறையும் குடிச்சனாங்கள். அது கிருமியைக் கொண்டுபோட்டுது போலை."

அப்படிச் சொன்ன கூட்டாளியின் மனைவி முருங்கையடியிலிருந்து கத்தினார். "கேட்டியளே கதையை! இனி மருந்தெண்டு சொல்லிக் குடிக்கப்போறார்."

"ஐயா, நீங்களே ஒரு வார்த்தை அவவுக்குச் சொல்லிவிடுங்கோ, மருந்தெண்டு."

முற்றம் சிரித்தது. பி.எச்.ஐ. சிரிக்கவில்லை. "சாராயம் அப்பிடிக் கிருமியைக் கொல்லுமெண்டு நம்பி இருக்கேலாது. ஆனால் இல்லையெண்டும் இப்ப என்னாலை வடிவாச் சொல்லேலாமல் கிடக்கு. முருங்கையடியிலை நிக்கிற எல்லாரும் ரோல்ஸும் சாப்பிட்டிருக்கிறியள், சர்பத்தும் குடிச்சிருக்கிறியள். எதாலை வந்ததெண்டு எப்பிடிப் பிரிக்கிறது? ரோல்ஸ் தொடாமல் சர்பத் மட்டும் குடிச்ச ஆள் ஆரேன் இருக்கிறியளோ?"

ஒருவரும் இல்லை. விருந்துக்கு வந்து சின்னம்மாவின் ரோல்ஸைச் சாப்பிடாமல் போக யாருக்கு மனம் வரும்? சின்னம்மா குசினி வாசலில் ஜீவனி கரைத்த செம்போடு நின்றார். தலை குனிந்திருந்தது. தரகர் படலையடியில் தொண்டையைச் செருமினார்.

"நான்" என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான் ரோல்ஸ் தொடேல்லை. சர்பத் மட்டும்தான் குடிச்சனான். எனக்கு நல்லா வயித்தாலை அடிச்சது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ தம்பி. ஒரு கடிகூட இல்லையோ?"

"ஒரு கடிகூட இல்லை."

அம்மா பாய்ந்து வந்தார். "ஓம் ஐயா, ஓம்! நான் தட்டை நீட்ட நீட்ட வேண்டாமெண்டவர். இத்தனை சனமும் கண்டது."

சனமும் ஓம் ஓம் என்றது. எனக்குக் கவலைகள் வரிசையாக வந்தன. பி.எச்.ஐ.யிடம் பொய் சொன்னால் மறியலில் கொண்டுபோய் அடைப்பார்களோ, கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டோ, மாப்பிள்ளைதான் மறந்துவிட்டாரோ? ஞாபகப்படுத்துவது நல்லது என்று நினைத்து முன்னுக்குப் போனேன்.

"இல்லை, அவர் பின்னாலை கிணத்தடியிலை நிண்டு..."

செம்பு என் வாயில் இருந்தது. சின்னம்மா எப்போது வந்தார் என்று தெரியாது.

"குடி குஞ்சு. டொக்டர் போகப் போகக் குடிக்கச் சொன்னவர். முழுக்கக் குடி."

உப்பும் இனிப்புமாகத் தொண்டையில் இறங்கிக்கொண்டேயிருந்தது. மூச்சு விடவும் இடம் தரவில்லை. செம்பின் விளிம்புக்கு மேலால் பார்த்தேன். மாப்பிள்ளை சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் முகம் சிவந்திருந்தது. பாவம், இன்னும் காய்ச்சல் விடவில்லை என்று நினைத்தேன்.

பி.எச்.ஐ. இப்போது நிமிர்ந்துவிட்டார். "அப்ப சர்பத்துக்கு வருவம். என்ன தண்ணி?"

"காய்ச்சி ஆறினது" என்றார் அம்மா.

"ஐஸ் போட்டனீங்களோ?"

முற்றம் முழுதும் மாமாவைப் பார்த்தது. மாமா வானத்தைப் பார்த்தார்.

"ஐஸ் எண்டால் என்ன சேர், உறைஞ்ச தண்ணிதானே. அந்தக் குளிருக்கை கிருமி தப்புமோ?"

"தப்பும். நித்திரை கொண்டுகொண்டு கிடக்கும். சர்பத்துக்குள்ளை போட்டால் எழும்பும்."

"அப்ப மீன்? மீனுக்கும் அதே ஐஸ்தானே போடுறம்?"

"மீனைக் கழுவி அவிக்கிறியள், பொரிக்கிறியள். ஐஸை ஆரேன் பொரிச்சனீங்களோ? அது மீனுக்கெண்டு செய்யிற ஐஸ். குடிக்கச் சொல்லி ஆரும் விக்கேல்லை. பெட்டி, சாக்கு, தரை எண்டு எல்லாத்திலையும் உருண்டு வந்ததை அண்டாவுக்கை போட்டிருக்கிறியள்."

அம்மா என்னைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். "பிள்ளைக்கும் அதையே சூப்பக் குடுத்தனியேடா!"

மாமா அன்றைக்கு முதல்முறையாக, நடந்த ஒன்றுக்குத் தான் காரணமில்லை என்று சொல்லத் தொடங்கினார். ஒருவரும் கேட்கவில்லை. பி.எச்.ஐ. அவரையே கூட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போய், பெட்டியில் கிடந்த ஐஸை ஒரு போத்தலில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். படலையடியைப் பார்த்தேன். தரகர் நின்ற இடத்தில் யாரும் இல்லை. சாவகச்சேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

சோதித்த முடிவு சில கிழமைகள் கழித்து வந்தது. ஐஸில் மலத்தோடு வருகிற கிருமி இருந்ததாம். மாப்பிள்ளை தான் ஒரு கடிகூடக் கடிக்கவில்லை என்று சொல்லியிருக்காவிட்டாலும் உண்மை வந்துதான் இருக்கும். ஆனால் அதற்குள் ரீச்சர் ஆறுதலாகித் தன் கையாலேயே ஒரு பெட்டி பலகாரம் அனுப்பியிருந்தார். கலியாணத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் குடும்பத்துக்குள் வரப்போகிற மனிதர் ஒரு முற்றம் சனத்துக்கு முன்னால் பொய் சொன்னவர். அது தெரிந்தவள் நான் ஒருத்தி. சின்னம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வேன்? அவர் ஏமாந்துபோவாரே?

அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, முழங்காலில் இருந்து, மறைப்புக்கு இந்தப் பக்கத்தில் நான் மெல்லச் சொன்னேன்.

"சுவாமி, ஒரு ஆள் பொய் சொன்னவர்."

"நீர் உம்மடை பாவத்தைச் சொல்லும் பிள்ளை. மற்றவையின்ரை வேண்டாம்."

"அவர் சொல்லமாட்டார் சுவாமி. அதுதான் நான் சொல்லுறன். தின்னேல்லை எண்டு பொய் சொன்னவர். நான் கண்டனான், பின்னாலை நிண்டு தின்னத் தின்ன எடுத்தவர்."

சுவாமியும் அந்தச் சர்பத் விருந்துக்கு வந்திருந்தவர்தான். அவசரமாக எங்கோ ஆசீர்வதிக்கப் போகவேண்டும் என்று தேத்தண்ணியோடு எழும்பிவிட்டார்.

"ஆருக்காகப் பொய் சொன்னவர்?" என்று கேட்டார்.

நான் நன்றாக யோசித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சரியான பதில் சொல்லவேண்டும்.

"ரோல்ஸுக்காக, சுவாமி."

மறைப்புக்கு அந்தப் பக்கம் சுவாமி இருமத் தொடங்கினார். முதலில் மெல்ல, பிறகு நிறுத்த ஏலாமல், கதிரை கிரீச்சிடுகிற அளவுக்கு. எனக்குப் பயம் வந்துவிட்டது. இவருக்கும் அந்த வருத்தம் தொடங்கிவிட்டது போல.

"சுவாமி" என்றேன், மறைப்போடு வாயை வைத்து. "தண்ணியைக் காய்ச்சிக் குடியுங்கோ. ஐஸ் மட்டும் போடாதேங்கோ."